என் மனைவி எனக்குத் தெரியாமல் பார்த்த படங்கள்

நான் பார்க்காத ஒரு படத்தைத் திட்டி இருபத்தைந்து நிமிடம் பேசியிருக்கிறேன். மைக் முன்னால் நின்று, நடுவில் தண்ணீர் குடித்து, ஓரிடத்தில் குரல் தழுதழுக்கவும் செய்து. ஐம்பத்தாறு வயதில் ஒருவன் செய்யக்கூடிய காரியமில்லை என்பது தெரியும். ஆனால் பார்க்காத படத்தைத் திட்டுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. படம் குறுக்கே வந்து தொந்தரவு செய்யாது.

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தள ஹால். மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே நாற்பது தமிழர்கள் கூடுவோம். பாதிப் பேர் என்னைப் போலத் தொழிற்சாலைகளில் முடி நரைத்தவர்கள். மீதிப் பேர் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த இளம் தம்பதிகள். பிள்ளைகள் காதில் கொஞ்சம் தமிழ் விழட்டும் என்று அவர்களை இழுத்துக்கொண்டு வருவார்கள். பிள்ளைகள் பின்வரிசையில் தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒரு பதவி உண்டு. புத்தகம், படம், பாட்டு, எதுவானாலும் அது ஏன் சரியில்லை என்று எடுத்துச் சொல்வது. யாரும் என்னை நியமிக்கவில்லை. இடம் காலியாக இருந்தது, உட்கார்ந்துகொண்டேன்.

அந்த மாதம் நான் எடுத்துக்கொண்ட பொருள் பழைய ரசனையும் புதிய ரசனையும். பழையதை ஐந்து நிமிடத்தில் புகழ்ந்து முடித்துவிட்டுப் புதியதற்கு வந்தேன். அப்போது ஊரெல்லாம் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மொழிகளில் வெளியாகி, ஐந்திலும் உதடு ஒட்டாத படம். நாயகன் வாசலிலிருந்து கூடத்துக்கு நடந்து வரக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறான் என்றேன். ட்ரெயிலரில் அப்படித்தான் நடந்தான். கடைசியில் அண்ணன் தம்பிக்காக உயிரை விடுகிறான் என்று கேன்டீனில் ஒருவர் சொல்லியிருந்தார். அதையும் சேர்த்துக்கொண்டு, "செத்தாவது நம்மை விடுவான் என்று பார்த்தால், சிதையில் படுத்தபடி இன்னொரு பாட்டு" என்றேன். நல்ல கைதட்டல்.

கைதட்டல் ஓயும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவன் சாகலைங்க. சிதையில படுத்திருக்கிறது வில்லனோட ஆளு. அண்ணன் லாரியில இருக்கான்."

காபி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த என் மனைவி. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்கிற தொனியில், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லிவிட்டாள். ஹால் முழுவதும் திரும்பிப் பார்த்த பிறகுதான் தான் பேசிவிட்டது அவளுக்கே தெரிந்தது. டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முன்வரிசையில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் கேட்டார். "சார் எந்த தியேட்டர்ல பார்த்தீங்க?"

"எல்லாத் தியேட்டர்லயும் ஒரே படம்தானே" என்றேன்.

"இல்ல, உங்க தியேட்டர்ல மட்டும் செத்துட்டான் போலிருக்கு."

அந்தச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உட்கார்ந்த பிறகு என் மண்டையில் ஓடியது அந்த வெட்கம் இல்லை. அவள் இந்தப் படத்தை எப்போது பார்த்தாள்? யாருடன்? நாங்கள் சேர்ந்து தியேட்டருக்குப் போய்ப் பதினோரு வருடம் இருக்கும். அவளுக்கு சினிமாவில் ஆர்வம் விட்டுப்போய்விட்டது என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் பெருமையாகவே.

இங்கே என் ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீடு மல்காஜ்கிரியில். கல்யாணமான புதிதில் செகந்திராபாதில் படம் பார்த்துவிட்டு ஸ்கூட்டரில் திரும்புவோம். அரை மணி நேரம். படம் எங்கெங்கே சறுக்கியது என்று நான் விளக்க அந்த அரை மணி நேரம் கச்சிதமாகப் போதும். முதல் சிக்னலில் திரைக்கதை, அடுத்ததில் நடிப்பு, அதற்கப்புறம் இசை. ரயில்வே கேட் மூடியிருந்தால் என் அதிர்ஷ்டம், இயக்குநரின் முந்தைய படங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். பின்னால் உட்கார்ந்திருப்பவளின் முகம் எனக்குத் தெரியாது. "ம்" என்று மட்டும் காதில் விழும். அதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டேன். திருச்சியிலிருந்து வந்த பெண், மரியாதையாக வளர்க்கப்பட்டவள், இருபத்தொன்பது வயதுக்காரன் சொல்வதைக் கேட்டு வியந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தேன்.

உத்தியோகமும் எனக்குத் தரப் பரிசோதனைதான். சாமானில் என்ன குறை என்று எழுத என் படிவத்தில் எட்டு வரிகள் உண்டு. குறை இல்லாவிட்டால் ஒரு டிக் போட்டால் போதும். வீட்டிலும் எட்டு வரிகளைத்தான் பயன்படுத்தினேன்.

கல்யாணத்துக்கு வரும்போது அவள் ஒரு செருப்புப் பெட்டி நிறைய கேசட் கொண்டுவந்தாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாவற்றையும் கேட்டுப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டேன். கேசட் உறையிலேயே, பென்சிலால். பெரும்பாலானவை நாலு தாண்டவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் போட வேண்டிய பாட்டு, ஸ்வீட் கடைத் திறப்பு விழாவுக்கான பாட்டு என்று குறிப்பும் எழுதினேன். அதில் ரேடியோவிலிருந்து பதிவு செய்த ஒரு கேசட்டுக்கு இரண்டு. அதன் மேல் நண்பர் ஒருவரிடம் கடன் வாங்கிய சரோட் கச்சேரியைப் பதிவு செய்துவிட்டேன். அந்தக் கேசட்டின் பின்பக்கத்தில் பாட்டுகளுக்கு நடுவே அவள் தங்கை ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி பேசி விளையாடியிருந்தாளாம். "அடுத்து நேயர் விருப்பமாக நம் வீட்டு எருமை கத்துவதைக் கேட்கலாம்" என்கிற மாதிரி. எனக்கு எப்படித் தெரியும்? பின்பக்கத்தை நான் கேட்கவே இல்லை. கேட்காமல்தான் இரண்டு போட்டேன். அவள் விஷயத்தைச் சொன்னபோது நான், "அடடா" என்றேன். அவள், "பரவால்ல விடுங்க" என்றாள். தங்கை இன்றும் நன்றாகத்தான் இருக்கிறாள். பதினாறு வயதுக் குரல்தான் இல்லை. அந்த சரோட் கச்சேரியை நான் மொத்தம் இரண்டு முறை கேட்டிருப்பேன்.

புத்தகத்திலும் இதே கதை. அவள் அம்மா வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து எடுத்து, கோணி ஊசியால் தைத்து, மூன்று தொகுதியாகக் கட்டிக் கொடுத்திருந்தார். நண்பர்கள் வந்திருந்த ஒரு மாலை அதிலிருந்து பத்துப் பக்கத்தை நாயகி குரலில் படித்துக் காட்டினேன். நண்பர்கள் சிரித்து உருண்டார்கள். அவள் சமையலறையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் மூன்று தொகுதியும் பரணுக்குப் போய்விட்டது. நான் அதைக் கவனித்தது அடுத்த வருடம் பொங்கலுக்குப் பானை எடுக்க ஏறியபோது.

எல்லாவற்றுக்கும் இப்படியா என்றால் இல்லை. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் என் காமிக்ஸ் இருந்தது, இருக்கிறது. அதில் யாரும் கை வைக்க முடியாது, என் மூளை உட்பட. மட்டமான காகிதம், மை ஒழுகும் அச்சு, பேச்சுக் குமிழிக்குள் எழுத்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். முகமூடி மாட்டியவன் இருட்டில் ஒருவனை அடிப்பான், அடுத்த கட்டத்தில் அடிபட்டவனுக்கு மீசை முளைத்திருக்கும். நான் அதிலெல்லாம் ஒரு காவியத் தன்மை இருப்பதாகக் கட்டுரை எழுதியிருக்கிறேன். அவள் ஒரு நாள் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் குதிரைக்கு அஞ்சு காலாங்க?" என்றாள். வேகத்தைக் காட்ட ஓவியர் கையாண்ட உத்தி என்று அரை மணி நேரம் விளக்கினேன். இப்போது எண்ணிப் பார்த்தேன். அஞ்சுதான். குதிரை நின்றுகொண்டிருக்கிறது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, படத்துக்குக் கிளம்பும்போது, "தலைவலியா இருக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்றாள். அடுத்த முறையும் தலைவலி. மூன்றாம் முறை நானே கேட்கவில்லை. இப்போது வருகிற படங்களின் தரம் அவளுக்கே புரிய ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். என் பயிற்சி என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலிலிருந்து திரும்பும்போது ஸ்கூட்டரில் இருவரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அவள் அப்பளம் பொரிக்க ஆரம்பித்த பிறகு சமையலறை வாசலில் போய் நின்றேன்.

"எப்ப பார்த்தே?"

"போன புதன்கிழமை. காலை ஷோ."

"யாரோட?"

"மேல் வீட்டம்மா, எதிர் ஃபிளாட் டீச்சர், இன்னும் ஒருத்தங்க. நாலு பேரா போவோம்."

"போவோம்னா?"

அவள் அடுப்பைத் தணித்தாள். "வாராவாரம்."

"எத்தனை நாளா?"

"பாப்பா பத்தாவது முடிச்ச வருஷத்துலேர்ந்து."

மகளுக்கு இப்போது இருபத்தாறு வயது, கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். நான் கணக்குப் போட முயன்று நிறுத்திக்கொண்டேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க கேட்கலையே. புதன்கிழமை என்ன பண்றேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? வாராவாரம் எலுமிச்சை சாதம் கட்டித் தர்றேனே, அது ஏன்னாவது கேட்பீங்கன்னு முதல் ஒரு வருஷம் பார்த்தேன்."

புதன்கிழமை எலுமிச்சை சாதம். பத்தரைக்குக் கிளம்ப வேண்டியவள் சீக்கிரம் முடிக்கிற சமையல். நான் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருந்தேன். கேன்டீனில் கேட்டவர்களிடம், காவிரிக் கரைக் குடும்பங்களில் புதன்கிழமைக்கு அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று விளக்கமும் கொடுத்திருந்தேன். பக்கத்து மேஜைக்காரர் அதை நம்பி, தன் வீட்டிலும் ஆரம்பித்துவிட்டார். அவர் மனைவி இன்றுவரை பக்தியோடு செய்கிறார்.

"சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே" என்றேன்.

"அதான்" என்றாள்.

அப்பளத்தை எண்ணெயிலிருந்து எடுத்து வடியவிட்டாள்.

மகளுக்குப் போன் செய்தேன். ஹைதராபாதில் பள்ளிக்கூடம் படித்தவள், நான் தமிழில் கேட்டால் அவளுக்கு வாயில் வருகிற மொழியில் பதில் சொல்வாள். "டாடீ, எவ்ரிபடி நோஸ். டிக்கெட் நேனே புக் சேஸ்தா. வாட்ச்மேனுக்குக்கூட தெலுசு." டிக்கெட் பதிவு செய்வதே அவள்தானாம், பெங்களூரிலிருந்து, வாராவாரம் செவ்வாய்க்கிழமை. வாட்ச்மேன் ஆட்டோ பிடித்துக் கொடுப்பாராம். ஒரு கட்டடம் முழுக்கச் சேர்ந்து என்னிடமிருந்து ஒரு விஷயத்தை மறைத்திருக்கிறது என்று கோபப்பட்டேன். மறைக்கவில்லை என்று அப்புறம் புரிந்தது. யாரும் என்னிடம் சொல்ல முனையவில்லை, அவ்வளவுதான்.

மனைவி வேறு ஒருவனைப் பார்க்கிறாள் என்று தெரிந்தால் என்ன செய்வது என்பதற்கு உலகத்தில் முன்மாதிரிகள் உண்டு. படம் பார்க்கிறாள் என்று தெரிந்தால் என்ன செய்வது? ஒரு வாரம் வீட்டில் பொருள் தொலைத்தவன் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன். டிவியில் என் பெயருக்குக் கீழே நான் பார்த்தவற்றின் வரிசை இருக்கிறது. பெரும்பாலும் பாதியில் நிறுத்தியவை. எட்டு அத்தியாயத்துக்கு இழுத்த ஒரு பஸ் பயணக் கதை, மூன்றாம் அத்தியாயத்தில் நான் இறங்கிக்கொண்டது. விருது வாங்கிய ஒரு படம், அதில் ஒருவன் பத்து நிமிடம் பல் தேய்க்கிறான். நான் அதைப் பாராட்டி எழுதியிருக்கிறேன், முழுதாகப் பார்க்காமல். மகள் பெயரில் இன்னொரு வரிசை இருந்தது. அவள் போய் இத்தனை வருடமாகியும் வளர்ந்துகொண்டே இருந்த வரிசை. எல்லாம் கடைசிவரை பார்க்கப்பட்டவை. சில, இரண்டு முறை.

அலமாரியில் இருந்தவற்றையும் எடுத்துப் பார்த்தேன். எண்ணூறு பக்க நாவல் ஒன்று, இருநூறு பக்கத்துக்கு மழை மட்டுமே பெய்கிறது. அதைத் தமிழின் உச்சம் என்று நான் சொல்லாத மேடை கிடையாது. நூற்றிருபதாம் பக்கத்தில் என் பஸ் டிக்கெட் அடையாளமாக இருந்தது. அதற்கப்புறம் பக்கங்கள் மடிப்புக் கலையாமல் புதிதாக இருந்தன. மழை நின்றதா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஒரு புதன்கிழமை, அவளுக்குப் பக்கத்து சீட். கேட்கக் கூச்சமாக இருந்தது. இருபத்தேழு வருடம் சேர்ந்து வாழ்ந்தவளிடம் பக்கத்தில் உட்காரலாமா என்று எந்தத் தொனியில் கேட்பது? ஒரு நாள் காய்கறி நறுக்கும்போது பொதுவாகக் கேட்டு வைத்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். "அவங்களையும் கேட்கணும். நாலு பேரு விஷயம்."

அவர்கள் வாட்ஸ்அப்பில் கலந்து பேசினார்கள். இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் மேல் வீட்டம்மா தீர்ப்போடு வந்தார். தாத்தா காலத்திலேயே ரயில்வே பட்டறை வேலைக்கு இங்கே வந்துவிட்ட குடும்பம், இவர் பிறந்ததே மல்காஜ்கிரியில். தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குலுக்கிப் போடுவார். ஹைதராபாத் இந்தியில் கைக்கு என்றால் ஏன், நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம். என்னை அண்ணா என்பார். தெரிந்து பதினைந்து வருடமாகிறது. அவர் எதற்கெல்லாம் சிரிப்பார் என்று எனக்குத் தெரியாமலே இருந்தது.

"கைக்கு அண்ணா, ஏன் திடீர்னு? வீட்ல டிவி ரிப்பேரா?"

"சும்மாத்தான். ஒரு தடவை பார்க்கலாம்னு."

"வாங்க. ஆனா பேசறது நக்கோ. படம் ஓடறப்ப நக்கோ, இன்டர்வெல்ல நக்கோ, வீட்டுக்கு வர்ற வழியிலயும் நக்கோ. அக்காகிட்ட ஸ்கூட்டர் விஷயமெல்லாம் கேட்டிருக்கேன்."

"எதுவரைக்கும் பேசக் கூடாது?"

"வெள்ளிக்கிழமை வேணா சொல்லுங்க. அப்ப வேற படம் வந்திருக்கும்."

என் மனைவி உள்ளே ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைக்கிறேன். நான் ஒப்புக்கொண்டேன்.

புதன்கிழமை லீவு போட்டேன். அன்றும் அவள் எலுமிச்சை சாதம்தான் கிளறினாள். ஆட்டோவில் அவர்கள் நாலு பேர், பின்னால் ஸ்கூட்டரில் நான். டிக்கெட்டை வாங்கிப் பார்த்ததும் தெரிந்தது. என் சீட் நடைபாதை ஓரம். என் மனைவியின் சீட் சுவர் ஓரம். நடுவில் மூன்று பெண்கள்.

"நான் அந்தப் பக்கம் போகட்டுமா?" என்று மேல் வீட்டம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"டீச்சர் எப்பவும் அக்கா பக்கத்துலதான் அண்ணா. பாப்பா அப்படித்தான் புக் பண்ணும்." அப்புறம் நினைவுபடுத்தினார். "படம் ஆரம்பிச்சாச்சு."

திரையில் புகையிலை எச்சரிக்கை விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

படம் தெலுங்கு. தகப்பனைத் தேடி ஊருக்கு வரும் ஒருவன் டிராக்டரைத் தோளால் தள்ளுகிறான். வில்லன் பச்சை வெங்காயத்தைத் தோலோடு கடித்து முறைக்கிறான். நாயகிக்கு வேலை கிடையாது, ஆனால் அலுவலக அடையாள அட்டை மாட்டியிருக்கிறாள். இரண்டு பாட்டுக்கு நடுவில் ஒரு நீதிமன்றம். என் எட்டு வரிகளும் முதல் இருபது நிமிடத்திலேயே நிரம்பிவிட்டன. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு மட்டும்தான் வாய்ப்பூட்டு. அந்த நாலு பேரும் ஆரம்பத்திலிருந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். அதிகம் பேசியது என் மனைவி. மூன்று சீட் தாண்டி அவள் குரல் வந்துகொண்டிருந்தது.

"இருபது வருஷத்துக்கு முந்தின சீன்லயும் இந்தம்மா இதே கம்மல்தான் போட்டிருக்கா பாருங்க."

நான் பார்த்தேன். அதே கம்மல். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நாயகன் ஸ்லோ மோஷனில் நடந்து வந்தான். "முனிசிபாலிட்டியிலேர்ந்து வீட்டு வரி அளக்க வர்ற மாதிரியே வர்றான்" என்றாள். மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். அப்புறம் தகப்பனும் மகனும் ஒரு டீக்கடையில், யார் என்று தெரியாமல் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிக்கும் காட்சி வந்தது. வயலின் கூட்டமாகக் கத்தியது. "ஐயோ, இங்க மட்டும் மியூசிக்கே இல்லாம விட்டிருக்கலாம். டம்ளர் சத்தம் போதும்" என்றாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் அதைச் சொன்னாள். அழுகையும் குறையும் ஒரே நேரத்தில். அது சரியான குறை. முப்பது வருடம் இதையே தொழிலாக வைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த டம்ளர் சத்தம் காதில் விழவே இல்லை. வயலினைத் திட்டுவதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் டீச்சர் கேட்டார். "அக்கா, எத்தனை?"

"அஞ்சரை. கடைசிச் சண்டையைப் பார்த்துட்டு அரை கூட்டலாம்."

பத்துக்கு. தினம் நடக்கிற விஷயம் மாதிரிக் கேட்டார்கள், அவளும் அப்படியே சொன்னாள். பேசக் கூடாது என்பதால் நான் பாப்கார்ன் வாங்கும் வரிசையில் போய் நின்றுகொண்டேன். அவளுக்கு ரசனை இல்லை என்று ஒரு காலத்தில் நினைத்தேன். ரசனை வந்ததால் சினிமாவை விட்டாள் என்று அப்புறம் நினைத்தேன். இரண்டு சமயமும் அவள் ரசனை நன்றாக வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பதினோரு வருடமாக வாராவாரம் அவள் கருத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், கேட்க மூன்று பேர் காத்திருக்கிறார்கள். அந்த மூன்று பேரில் நான் இல்லை. இருபத்தேழு வருடத்தில் படம் எப்படி என்று ஒரு தடவைகூட அவளிடம் நான் கேட்டதில்லை என்பது, வரிசையில் எனக்கு முன்னால் இன்னும் நாலு பேர் இருந்தபோது உறைத்தது. இடத்தை விட்டு நகரவும் முடியவில்லை.

இரண்டாம் பாதி முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாயகன் ஒரே குத்தில் ஏழு பேரைப் பறக்கவிட்டான், நான் பேசவில்லை. தகப்பன் மகன் மடியில் படுத்து ஐந்து நிமிடம் அறிவுரை சொல்லிவிட்டுச் செத்தான், பேசவில்லை. கடைசிச் சண்டைக்கு அவள் அரை கூட்டவில்லை, கால்தான் கூட்டினாள். அதையும் கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

திரும்பும்போது அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி, முடிவில்லாமல் போனது. பழைய காலமாக இருந்தால் வசனகர்த்தாவின் பரம்பரை வரை போயிருப்பேன். ஒரு சொல் வரவில்லை. அவள் இறங்கி ஒரு மர நிழலில் நின்று, கேட் திறந்ததும் வந்து ஏறிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். ஆறிப்போன சாதம்தான், அவள் பதினோரு வருடமாக வந்து சாப்பிடும் அதே சாதம். வியாழனும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை காலை அனுமதி வந்தபோது ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்.

"அந்த டம்ளர் சத்தம் பத்தி நீ சொன்னது சரி."

"ம்" என்றாள்.

அதோடு நிறுத்திக்கொண்டேன். நிறுத்திக்கொண்டதற்காக எனக்கு நானே பத்துக்கு ஒன்பது போட்டேன். ஒரு மனிதன் ஐம்பத்தாறு வயதில் திருந்த முடியும் என்பதற்கு மல்காஜ்கிரியில் நானே சாட்சி என்று நினைத்தேன். இனி வாராவாரம் லீவு கிடைக்காது, மாதம் ஒரு புதனாவது போகலாம். கொஞ்ச நாளில் டீச்சரிடம் தன்மையாகப் பேசி சீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றெல்லாம் திட்டம் இருந்தது. மேலதிகாரியிடம் முழங்கால் வலிக்கு மாதம் ஒரு நாள் வைத்தியம் என்றுகூடச் சொல்லி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் மேல் வீட்டம்மா வந்தார். நான் முன்னறையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றபடியே உள்ளே குரல் கொடுத்தார்.

"அக்கா, நாளைக்கு நாலுதானே? பாப்பாவுக்குச் சொல்லிடறேன்."

"அஞ்சு இல்லையா?" என்றேன் நான்.

மேல் வீட்டம்மா சமையலறைப் பக்கம் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"போன வாரம் நான் ஒரு வார்த்தை பேசலையே" என்றேன்.

"ஹவ் அண்ணா, பேசலை. பேசினீங்கன்னு யாரு சொன்னா?"

"அப்புறம்?"

"நீங்க விட்ட மூச்சு இருக்கே அண்ணா. அந்த டிராக்டர் வந்தப்ப ஒண்ணு விட்டீங்க, பாட்டு வந்தப்ப ஒண்ணு. ஹீரோயின் வர்றப்பெல்லாம் ஒண்ணு. பக்கத்துல உட்கார்ந்திருந்தது நானு. என் பாப்கார்ன் ஆறிப்போச்சு."

நான் புத்தகத்தை மூடினேன். சமையலறை வாசலுக்குப் போய், அங்கே கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவியிடம் நேராகவே கேட்டேன்.

"நான் அப்படியா மூச்சு விட்டேன்?"

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்று கீரையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"முதல் பாதியில கம்மியாத்தான் விட்டீங்க" என்றாள்.